அக்கா வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஆனதும், அத கண்டுபிடிச்ச கதையும்

அக்கா வீடு நீலகிரில கோத்தகிரி பக்கத்து அரவேணுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, கொல்லப்பக்கம் கதவத் தொறந்தா தேயிலதான். சுத்துப்பட்டுல இருக்குற சின்ன விவசாயிங்க இருபது பேருக்கு மேல இலை கணக்கு அக்காதான் பாக்குது. யாரு எந்தத் தேதி எத்தன கிலோ போட்டாங்க, ஈர இலைன்னு பேக்டரில எவ்வளவு கழிச்சாங்க, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கியிருக்காங்க, மாசக் கடைசில கைக்கு என்ன நிக்கும், இது எல்லாமே லிப்ரே ஆபீஸ் ஷீட்ல ஏத்தி வச்சிருக்கு. அதனால அந்தக் கம்ப்யூட்டர் நின்னா அக்காவோட வேல மட்டும் நிக்குறது இல்ல, இருபது வீட்டுக் கணக்கு நிக்கும். அதான் இத இவ்வளவு விவரமா எழுதுறேன், மலைல இருந்துட்டு பழைய மெஷின் வச்சிருக்குற யாருக்காவது உதவும்.

மெஷின் கோயமுத்தூர்ல செகண்ட் ஹேண்டா வாங்குனது. 4 ஜிபி ரேம், சாதா ஹார்ட் டிஸ்க், ஸ்லாட்ல தனியா ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் அந்த கார்டுல எச்டிஎம்ஐ வழியா மாட்டியிருக்கு. ஓஎஸ் லினக்ஸ் மின்ட் 21, நான்தான் போட்டுக் குடுத்தேன். ரொம்ப நாள் நல்லா ஓடுச்சு. போன செப்டம்பர் கடைசில அக்கா போன் பண்ணி "தம்பி, இது அப்பப்ப அப்படியே நின்னுடுதுடா, பட்டன அமுக்கி ஆஃப் பண்ணித்தான் போடுறேன், நேத்து ஏத்துன ரெண்டு நாள் கணக்கு போயிடுச்சு"ன்னு சொல்லுச்சு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். "ஹேங் ஆகுது"ன்னு நாம பொத்தாம் பொதுவா சொல்றது ஒரே வியாதி இல்ல. திரை நின்னுடுச்சுன்னா உள்ள யாரு உயிரோட இருக்கா, யாரு போயிட்டாங்கன்னு பாக்கணும், அத பாக்காம டிரைவர மாத்துறது, ஓஎஸ்ஸ திரும்பப் போடுறது எல்லாம் வீண் வேல. நான் அக்காவுக்கு ஒரு நோட்டுல கட்டம் போட்டு, நின்ன உடனே இதெல்லாம் பாத்து எழுதுன்னு சொன்னேன். மவுஸ் அம்பு நகருதா, கீபோர்டுல கேப்ஸ் லாக் அமுக்குனா லைட்டு மாறுதா, பாட்டு ஓடிட்டிருந்தா அது தொடர்ந்து ஓடுதா இல்ல ஒரே சத்தத்துல கீச்சுன்னு மாட்டிக்குச்சா, கேபினட் முன்னாடி ஹார்ட் டிஸ்க் லைட்டு விடாம எரியுதா, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்குனா கருப்பு லாகின் திரை வருதா. கேப்ஸ் லைட்டு மாறுதுன்னா கெர்னல், அதாவது ஓஎஸ்ஸோட நடு மூளை, உயிரோட இருக்கு, மாறலைன்னா மொத்தமே போயிருக்கலாம். ஸ்பீக்கர் மதர்போர்டோட பச்ச ஜாக்குல மாட்டியிருக்குறதால பாட்டு ஓடுறது நல்ல சாட்சி, எச்டிஎம்ஐ வழியா சத்தம் வந்தா அந்த சாட்சி செல்லாது, ஏன்னா அது கிராபிக்ஸ் கார்டு வழியா வர்றது.

அக்கா தினமும் இலை ரிஜிஸ்டர் எழுதுற கை, நான் சொன்ன கட்டத்தோட நிக்காம தேதி, மணி, மெஷின் போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, என்னென்ன ஓபன்ல இருந்துச்சுன்னு தனித்தனியா போட்டுட்டு, கடைசில "வானம்"னு ஒரு கட்டம் தானா சேத்துக்குச்சு. ரிஜிஸ்டர்ல மழையா வெயிலான்னு எழுதுற பழக்கம், இலை ஈரத்துக்கு அது வேணும். அப்ப நான் அத கண்டுக்கவே இல்ல.

மூணு வாரத்துல நோட்டுல எழுதுனத பாத்தப்ப ரெண்டு ரகம் தெளிவா பிரிஞ்சுது.

ஒரு ரகம் சாயங்காலம், பாப்பா ஸ்கூல் வேலைக்கு பிரவுசர்ல இருபது டேப் தொறந்து வச்சிருக்குற நேரம், டிஸ்க் லைட்டு விடாம எரியுது, மவுஸ் பத்து செகண்டுக்கு ஒரு தடவ குதிச்சு குதிச்சு நகருது, பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டா தானா சரியாகுது. இது ஃப்ரீஸே இல்ல, மெமரி பத்தல. ரேம் ரொம்பினதும் ஹார்ட் டிஸ்க்ல ரேமுக்கு மாத்தா ஒதுக்கி வச்சிருக்குற ஸ்வாப்புக்கும் ரேமுக்கும் மாத்தி மாத்தி தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கும், டிஸ்க் ரேம விட பல மடங்கு மெதுவு. இதுக்கு இசட்ரேம் போட்டேன், அதாவது ரேமுக்குள்ளயே ஒரு பங்கு சுருக்கி வச்சுக்குற ஸ்வாப்பு, கூடவே இயர்லி ஊம்னு ஒரு சின்ன புரோகிராம், மெமரி தீர்ற நிலைக்கு வந்தா அதிகமா தின்னுற புரோகிராம அதுவே நிறுத்திடும். அதோட அந்த ரகம் முடிஞ்சுது, அதப்பத்தி மேல பேச ஒண்ணும் இல்ல.

இன்னொரு ரகம்தான் படுத்துச்சு. திரை போட்டோ மாதிரி நின்னுடும், மவுஸ் நகராது, ஆனா பாட்டு ஓடிட்டே இருக்கும், கேப்ஸ் லைட்டு மாறும், டிஸ்க் லைட்டு அமைதியா இருக்கும். கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 போட்டா ஒண்ணும் வராது. அப்ப கெர்னல் உயிரோட இருக்கு, படம் காட்டுற வேல மட்டும் செத்திருக்கு.

இங்க பட்டன அமுக்கி ஆஃப் பண்றதப் பத்தி சொல்லியாகணும், ஏன்னா அக்காவோட கணக்கு போனது ஃப்ரீஸால இல்ல, அந்த பட்டனால. லினக்ஸ்ல ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் கீயையும் சேத்து புடிச்சுட்டு ஒரு எழுத்து அமுக்குனா நேரா கெர்னலுக்கே கட்டளை போகும், எஸ் அமுக்குனா எழுத வேண்டியது எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதிடும், யு அமுக்குனா டிஸ்க்க படிக்க மட்டும்னு பூட்டிடும், பி அமுக்குனா ரீபூட். உபுண்டு, மின்ட்ல இதுக்கான எண் 176னு வச்சிருப்பாங்க, அது 128, 32, 16 மூணையும் கூட்டுனது, அந்த மூணு வேலைக்கு மட்டும் அனுமதி. எல்லா எழுத்தும் வேணும்னா கெர்னல்ல சிஸ்ஆர்க்யூன்னு சொல்ற இந்த எண்ண 1னு மாத்தணும். அக்காவுக்கு மூணே போதும்னு விட்டுட்டேன், ஒரு சின்னத் தாள்ல "எஸ், யு, பி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூணு எண்ணு"ன்னு எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிட்டேன். ஒண்ணு, சேவ் பண்ணாம திரைல இருக்குற வேல இதுல திரும்ப வராது, அதனால லிப்ரே ஆபீஸ்ல ஆட்டோ ரெகவரி 10 நிமிஷத்துல இருந்தத 2 நிமிஷம் ஆக்குனேன்.

அடுத்து லாக். லினக்ஸ் உள்ள நடக்குறத எல்லாம் எழுதி வைக்குற குறிப்பு ஜர்னல், முந்தின தடவ மெஷின் போட்டப்ப எழுதுனத எடுத்துப் பாத்தா, நின்ன நேரத்துல ஒண்ணுமே இல்ல, சும்மா அமைதியா முடிஞ்சிருக்கு. நான் ரெண்டு நாள் இதுல ஏமாந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, ஜர்னல் சாதாரணமா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவதான் டிஸ்க்ல உறுதியா எழுதும், ரொம்ப மோசமான செய்தி வந்தா மட்டும்தான் உடனே எழுதும், கிராபிக்ஸ் டிரைவர் போடுற எரர் அந்த அளவுல வராது. அதனால அக்கா பட்டன அமுக்குன உடனே கடைசி நிமிஷத்து லாக் எல்லாம் காத்தோட போயிடுது. லாக்ல ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம் இல்ல.

அதனால வேற வழி செஞ்சேன். வேற மெஷின்ல இருந்து உள்ள நுழைய கம்ப்யூட்டர்ல எஸ்எஸ்எச் சர்வர் போட்டு, அக்காவோட பழைய ஆண்ட்ராய்டு போன்ல கட்டளை அடிக்குற டெர்மக்ஸ் ஆப் ஏத்தி, காலைல மெஷின் போட்ட உடனே போன்ல இருந்து உள்ள நுழைஞ்சு கெர்னல் செய்திகள விடாம காட்டுற கட்டளைய ஓட விட்டு போன சார்ஜர்ல மாட்டி மேசைல வச்சிட்டேன். கம்ப்யூட்டர் திரை செத்தாலும், ஏன் கம்ப்யூட்டரே செத்தாலும், கடைசியா சொன்ன வார்த்த போன் திரைல நிக்கும். செலவு ஒரு ரூபா இல்ல. திரை ஃப்ரீஸ் கேஸ் எது வந்தாலும் நான் இனிமே மொதல்ல செய்யப்போறது இதுதான்.

ரெண்டாம் நாளே மாட்டுச்சு. கார்டு என்விடியா கம்பெனியோடது, அப்ப லினக்ஸோட கூடவே வர்ற நூவோங்குற டிரைவர் ஓடிட்டிருந்துச்சு, போன் திரை பூரா டைம்அவுட், டைம்அவுட்னு வரிவரியா கொட்டியிருக்கு, கார்டுக்கு வேல குடுத்தா பதில் வரலன்னு. உடனே நான் டிரைவர் மேல சந்தேகப்பட்டு, அந்தக் கார்டுக்கு ஒத்துவர்ற கம்பெனி டிரைவர் 470 வரிசைய போட்டேன். நாலு நாள் கழிச்சு திரும்பவும் அதே ஃப்ரீஸ், ஆனா இந்தத் தடவ போன்ல ஒரே ஒரு வரி, எக்ஸ்ஐடி 79ங்குற எரர் நம்பரோட, "ஜிபியு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது"ன்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வரி.

பாப்பா அத படிச்சுட்டு "மாமா, எந்த பஸ்ல இருந்து?"ன்னு கேட்டா. நல்ல கேள்வி. ப்ராசஸரும் கார்டும் பேசிக்குற பாதைக்குப் பேரு பஸ், மதர்போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட் வழியா போற பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை. அந்தப் பாதைல கூப்பிட்டா கார்டு பதிலே சொல்லல, ஆளே அங்க இல்லாத மாதிரி இருக்குன்னு டிரைவர் சொல்லுது. அப்படியே போன்ல இருந்தே அந்தப் பாதைல என்னென்ன மாட்டியிருக்குன்னு காட்டுற எல்எஸ்பிசிஐ கட்டளைய அடிச்சு பாத்தேன், கார்டு பேருக்குப் பக்கத்துல ரெவ் எஃப்எஃப்னு இருந்துச்சு. நல்லா இருக்குறப்ப அங்க வேற எண் இருக்கும். பதில் சொல்ல யாரும் இல்லாத இடத்துல படிச்சா எல்லா பிட்டும் ஒண்ணுன்னு வரும், அதான் எஃப்எஃப். ரெண்டு வேற வேற டிரைவர்லயும் ஒரே இடத்துல உடையுதுன்னா டிரைவர விட்டுட்டு கீழ இறங்கிப் பாக்கணும்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும், ஆனா நான் இன்னும் ஒரு சாஃப்ட்வேர் வழிய முயற்சி பண்ணேன்.

அந்தப் பாதைக்கு கரன்ட் மிச்சம் புடிக்குற ஒரு வசதி உண்டு, ஏஎஸ்பிஎம்னு, வேல இல்லாதப்ப லிங்க்க தூங்க வைக்கும், சில போர்டுல தூங்குன லிங்க் சரியா எந்திரிக்காது. மெஷின் கிளம்புறப்ப கெர்னலுக்கு சொல்ல வேண்டியத எழுதி வைக்குற க்ரப் ஃபைல்ல, கெர்னல் வரில அத ஆஃப் பண்ணி விட்டேன். ஒன்பது நாள் ஒரு ஃப்ரீஸ் கூட இல்ல. நான் கோத்தகிரில இருந்து போன் பண்ணி "முடிஞ்சுதுக்கா"ன்னு சொல்லிட்டேன், ரொம்ப சந்தோஷம் எனக்கு.

பத்தாவது நாள் காலைல ஏழரைக்கு அக்கா போன். "நின்னுடுச்சுடா. ஒண்ணு சொல்றேன் கேளு, நோட்ட பாத்தேன், வெயில் அடிச்ச நாள்ல ஒண்ணு கூட இல்லடா. இந்த ஒன்பது நாளும் நல்ல வெயிலு. இன்னிக்கு ஜன்னலத் தொறந்தா எதுத்த வீடு தெரியல."

நான் அன்னிக்கே பஸ் ஏறி போயிட்டேன். நோட்ட கைல வாங்கி ஒவ்வொரு வரியா பாத்தேன். மொத்தம் 17 வரி, மெமரி ரகம் 6, திரை ரகம் 11. அந்தப் பதினொண்ணும் "மிஸ்ட்டு", "மழ", "ராத்திரி பூரா மழ" இந்த மூணுல ஒண்ணு. பதினொண்ணுல ஒன்பது, காலைல மெஷின் போட்டு அரை மணி நேரத்துக்குள்ள. நான் செஞ்சதால நின்னுச்சுன்னு நெனச்ச ஒன்பது நாளுக்கும் அக்காவோட கைல "வெயிலு, வெயிலு"ன்னு வரிசையா இருக்கு. எந்த லாக்லயும் இல்லாத ஒரு விஷயம் அந்தக் கட்டத்துல இருந்துச்சு, வானம் எப்படி இருந்துச்சுன்னு கெர்னலுக்குத் தெரியாது.

கோத்தகிரி பக்கம் தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டாம், ஜூன் ஜூலை மழைய தொட்டபெட்டா அந்தப் பக்கமே கொஞ்சம் தடுத்துடும், எங்களுக்கு அக்டோபர் நவம்பர்ல கிழக்க இருந்து வர்றதுதான் பெரிய மழை. மேட்டுப்பாளையம் பக்கம் பாத்த கிழக்குச் சுவரு நனைஞ்சா ஜனவரி வரைக்கும் ஓதம் காயாது, செருப்பு பெல்ட் எல்லாம் வெள்ளையா பூசணம் புடிக்கும், பீரோவுக்குள்ள சின்ன பல்ப் எரிய விடுறவங்க உண்டு. அக்காவோட கம்ப்யூட்டர் கேபினட் அந்தக் கிழக்குச் சுவரோட ஒட்டி, தரைலயே. பக்கத்து ரூம் அடுப்படி. ராத்திரி பூரா குளுந்து கெடக்குற இரும்பு, காலைல அடுப்பு மூட்டி அரிசி கொதிக்க ஆரம்பிச்சா அந்த ஆவி போய் எங்க படியும், குளுந்த இடத்துலதான் படியும்.

ஆனா கண்டுபிடிச்சுட்டோம்னு உடனே எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தக் கூடாதுன்னு ஏஎஸ்பிஎம்ல பட்டது போதும். அதனால கார்ட கழட்டி ஒரு கவர்ல போட்டு வச்சிட்டு, மதர்போர்டுலயே இருக்குற விஜிஏல மானிட்டர மாட்டிட்டேன், மெஷின் இருந்த எடத்துலயே. ரெண்டு வாரம், நல்ல மழை, நல்ல மிஸ்ட்டு, ஒரு ஃப்ரீஸ் கூட இல்ல. இப்ப நிச்சயம், ஒண்ணு கார்டு, இல்ல ஸ்லாட், ரெண்டுல ஒண்ணு. அப்படியே விஜிஏலயே விட்டிருக்கலாம்தான், ஆனா அந்த மானிட்டர்ல விஜிஏல எழுத்து கொஞ்சம் மங்கலா வருது, அக்கா ராத்திரி ஒன்பது வரைக்கும் எண்ணையே பாக்குற ஆளு, கண்ணு வலிக்குதுன்னு சொல்லுச்சு.

கார்ட ஜன்னல் பக்கத்துல வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன். ஸ்லாட்டுக்குள்ள போற ஓரத்துல தங்க நெறத்துல வரிசையா சின்னச் சின்ன பட்டைங்க இருக்கும், அதுல நடுவுல இருக்குறது பளபளன்னு இருக்கு, ஓரத்துல அஞ்சாறு பட்டை மட்டும் மங்கி, பழைய பித்தள குத்துவிளக்கு மாதிரி, ரெண்டுல கருப்பா புள்ளி. போன் கேமராவ கிட்ட வச்சு பெருசாக்கி பாத்தா அந்தப் புள்ளிய சுத்தி லேசா பச்ச. மேல இருக்குற தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, அது தேஞ்ச எடத்துல கீழ இருக்குற செம்பு வெளிய வந்து ஈரத்துல களிம்பு ஏறியிருக்கு. ஸ்லாட்டுக்குள்ள டார்ச் அடிச்சா தூசி சாம்பல் நெறத்துல பஞ்சா இருக்கு, தொட்டா ஒட்டுது, காஞ்ச தூசி இப்படி ஒட்டாது. தூசி சும்மா இருந்தா பெருசா ஒண்ணும் பண்ணாது, ஈரத்த குடிச்சு வச்சுக்கும்போதுதான் கெடுதல். மெஷின் போட்டு சூடாக ஆரம்பிக்குறப்ப உலோகம் லேசா விரியும், ஏற்கனவே பாதி ஒட்டிட்டிருக்குற தொடுப்பு அந்த நேரத்துல ஒரு நொடி விட்டுப்போனாலே கார்டு "பஸ்ஸ விட்டு" விழுந்துடும். அரை மணி நேரக் கணக்கு அங்க சரியா பொருந்துச்சு.

சுத்தம் பண்ண விதம் எழுதுறேன், அவசரப்படாம செய்யணும். பவர் கார்ட மொத்தமா புடுங்கிட்டு, முன்னாடி பட்டன பத்து செகண்டு அமுக்கி உள்ள மிச்சம் இருக்குற கரன்ட்ட இறக்கணும். மலைல நாம எப்பவும் கம்பளி ஸ்வெட்டர்லயே இருப்போம், அத கழட்டி வச்சுட்டு, கேபினட்டோட பெயின்ட் இல்லாத இரும்பத் தொட்டுட்டு அப்புறம் கார்டுல கை வைக்கணும், கம்பளில வர்ற ஸ்டாடிக் சிப்ப கொன்னுடும். பாப்பாவோட வெள்ள ரப்பர வாங்கி பட்டைங்க மேல மெதுவா, நீளவாக்குல, நாலஞ்சு தடவ மட்டும். மண்ணு ரப்பர் வேண்டவே வேண்டாம், தங்கத்த சுரண்டிடும். அப்புறம் ஐசோபிரப்பைல் ஆல்கஹால் கோயமுத்தூர்ல இருந்து வாங்கிட்டு வந்தது, மருந்துக்கட சானிடைசர் இல்ல அதுல தண்ணியும் வேற பொருளும் இருக்கும், அத துணில நனச்சு ரப்பர் தூள் போக தொடச்சேன். ஸ்லாட்டுக்கு புது டூத் பிரஷ், அதே ஆல்கஹால் லேசா, கேமரா லென்ஸுக்கு வச்சிருக்குற ரப்பர் ஊதுகுழல்ல தூசிய வெளிய தள்ளுனேன், வாயால ஊதக் கூடாது எச்சி தெறிக்கும். ரேமையும் கழட்டி அதே வைத்தியம். அடுப்பு பக்கத்துல வச்சு காய வைக்கலாமான்னு அக்கா கேட்டுச்சு, வேண்டாம்னு சொல்லி மத்தியான வெயில்ல ஜன்னல் ஓரமா நாலு மணி நேரம் தொறந்து வச்சேன்.

கார்ட திரும்ப சொருகுனப்ப டிக்குனு பூட்டு விழுற சத்தம் நல்லா கேட்டுச்சு. பின்னாடி பிராக்கெட் ஸ்குரூ ஒண்ணு ஆரம்பத்துல இருந்தே இல்ல, எச்டிஎம்ஐ கேபிள் கனத்துக்கு கார்டு லேசா சாஞ்சு நின்னிருக்கும், அதுக்கும் ஒரு ஸ்குரூ போட்டு இறுக்குனேன். மெஷின மட்டும் அப்பவும் நகத்தல, அதே கிழக்குச் சுவர். க்ரப்ல போட்ட ஏஎஸ்பிஎம் வரியையும் எடுத்துட்டேன், தேவையில்லாத வரிய விட்டு வச்சா அடுத்த தடவ பாக்குற ஆளுக்குக் குழப்பம். மூணு வாரம் பாத்தோம். அதுல ஆறு நாள் நல்ல மிஸ்ட்டு, நோட்டுல "வானம்" கட்டம் மட்டும் நிரம்புச்சு, மத்த கட்டம் எல்லாம் கோடு.

அதுக்கு அப்புறம்தான் மெஷின எடத்த மாத்துனேன், உள் சுவர் பக்கம், ஒரு ஜான் உயர பலகை மேல, சுவர்ல இருந்து நாலு விரல் தள்ளி. சிலிக்கா ஜெல் பாக்கெட் போடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, காத்து போக வர ஓட்ட இருக்குற கேபினட்ல அது சீக்கிரமே ஈரத்துல ரொம்பிடும், பிரயோஜனம் இல்ல. அத விட மழை மாசத்துல வேல இல்லன்னாலும் தினமும் ஒரு மணி நேரம் மெஷின போட்டு விடுறது மேல், அந்தச் சூடே உள்ள காய வச்சிடும், வாரக்கணக்குல மூடி வச்ச மெஷின்தான் இங்க சீக்கிரம் கெடுது. அக்கா காலைல அடுப்படி கதவ சாத்திட்டுத்தான் இப்ப அரிசி வைக்குது.

போன மாசம் போனப்ப ஒரு பழைய வோல்டேஜ் மீட்டரயும் எடுத்துட்டுப் போய் ராத்திரி ஏழு மணிக்கு லைன் பாத்தேன், 190 வரைக்கும் இறங்குது, அதுக்கு ஸ்டெபிலைசர் ஏற்கனவே இருக்கு. இன்னும் ஒரு வேல பாக்கி. கரன்ட் போய் வந்தா மணி பின்னாடி போயிடுது, இலை கணக்குல தேதி தப்பா விழுது, மதர்போர்டுல மணிய ஓட வச்சுட்டிருக்குற சிமாஸ் பேட்டரி தீந்திருக்கு. 2032 பேட்டரி வாங்கி வச்சுட்டேன், ஞாயித்துக்கிழம அரவேணு போறப்ப மாத்திட்டு வரணும், அக்கா அதுக்கும் நோட்டுல ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கு.